ஆதார் அட்டையின் பின்புறமும் எங்கள் மாடி போர்ஷனும்

கேள்வி: வியாசை மகள்

அனைவருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது வடசென்னையின் வியாசர்பாடி. அலுவலகத்துக்கு அருகில் இருக்கட்டும் என்று சென்ற மாதம் தென்சென்னையில் வாடகை வீடு தேடினேன். ஓரிடத்தில் எல்லாம் பேசி, அட்வான்ஸ் தொகைகூட முடிவாகிவிட்டது. வீட்டுக்கார அம்மாள் என் ஆதார் அட்டையை வாங்கி முன்புறம் பார்த்துவிட்டு, முகவரிக்காகப் பின்புறம் திருப்பினார். அதுவரை ‘வாம்மா, உட்காரும்மா’ என்றிருந்தவர், அட்டையை என் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்து, “பையனைக் கேட்டுச் சொல்றேன்” என்றார். பிறகு அழைப்பே வரவில்லை. தரகரோ, “பெரம்பூர்னு சொல்லியிருக்கலாமேம்மா” என்று எனக்காக வருத்தப்பட்டார்.

இது பாதிக் கதை. அடுத்த வாரமே எங்கள் மாடி போர்ஷனைக் கேட்டு, மணலியில் கன்டெய்னர் யார்டில் வேலை செய்யும் ஒடிசா இளைஞர்கள் மூவர் வந்தார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் என் அம்மா ‘டூ லெட்’ பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, “வீடு பேசி முடிஞ்சிடுச்சுப்பா” என்றார். பொய். அவர்கள் தெருமுனை திரும்பியதும் பலகை மறுபடி வெளியே தொங்கியது.

மதத்தால் நான் பெரும்பான்மை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இந்துக்கள் 87.58 விழுக்காடு. தாய்மொழியும் தமிழ்தான். அப்படியிருந்தும் அந்த மேசை முன் நான் யாராக இருந்தேன்? என் அம்மா செய்ததும் எனக்கு நடந்ததும் ஒன்றுதானா?

பதில்: சட்டம் படித்தவன்

சகோதரி, சிறுபான்மை என்ற சொல் நம்மிடம் இரண்டு வேலை செய்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் லூயிஸ் விர்த் 1945இல் தந்த விளக்கத்தில் தலை எண்ணும் பேச்சே இல்லை. உடலமைப்பாலோ பண்பாட்டாலோ தனித்துப் பிரிக்கப்பட்டு, மற்றவர்களுக்குச் சமமாக நடத்தப்படாத குழுவையே அவர் சிறுபான்மை என்றார். அந்தக் கணக்கில், நிறவெறி ஆட்சிக்காலத் தென்னாப்பிரிக்காவில் எண்ணிக்கையில் மிகுந்திருந்த கறுப்பின மக்களும் சிறுபான்மையே. நம் சட்டத்தின் கணக்கு வேறு. 1992ஆம் ஆண்டின் தேசியச் சிறுபான்மையினர் ஆணையச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட சமூகங்களின் பட்டியலில் 2014 சனவரியில் சமணரும் சேர்ந்தனர். ஆகவே சவுகார்பேட்டையில் தலைமுறைகளாக வணிகம் செய்யும் சமணக் குடும்பம் பட்டியலில் உண்டு, நீங்கள் இல்லை. ஆனால் வீட்டுக்கதவு பட்டியலைப் பார்த்துத் திறப்பதில்லை. (உங்கள் முகவரியில் அந்த அம்மாள் படித்தது பின்கோடை அல்ல, சாதியை என்று நான் சந்தேகிக்கிறேன், நாகரிகம் கருதி அதைத்தான் எல்லோரும் ‘ஏரியா’ என்கிறோம்.)

வழக்குப் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அரசமைப்பின் 15(2) கூறு கடை, உணவகம், கிணறு, குளம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வாடகை வீட்டை அப்படிக் குறிப்பிடவில்லை. 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், தன் சமூகத்தாரை மட்டுமே உறுப்பினராக்கும் அச்சங்கத்தின் விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

பதில்: கொளத்தூர் மாடிவீடு

வாடகைக்கு விடுபவனின் பக்கத்தையும் கேளுங்கள். வீட்டுக்கடன் கட்டுவது நான், ஓய்வூதியத்தில் வாழ்வதும் நான். ஆறு மாத வாடகை பாக்கியோடு இரவோடிரவாகக் காலி செய்த ஒருவரால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முன்னெச்சரிக்கை வேறு, வெறுப்பு வேறு. உங்கள் அம்மா மூன்று பேச்சிலர்களுக்கு வீடு மறுத்ததில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை.

பதில்: அத்தோ பேரன்

கொளத்தூர் ஐயா, ஓடிப்போனவர் எந்த ஊர்க்காரர் என்று நீங்கள் எழுதவில்லை. ஒடிசாக்காரராக இருந்திருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பீர்கள் அல்லவா?

நானும் வியாசர்பாடிதான். 1964இல் பர்மாவில் நே வின்னின் இராணுவ அரசு கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கிய பின், என் தாத்தா ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தார். அங்கே அவரை, இந்தியரை இழிக்கும் பர்மியச் சொல்லால், ‘கலா’ என்றார்கள். இங்கே சாகும்வரை ‘பர்மாக்காரர்’. பாரிமுனையில் அவர் போட்ட அத்தோ கடையில் வேகவைத்த நூடுல்சில் பேஜோ என்ற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டு, வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்துக் கையாலேயே பிசைவார். முதலில், “கையால பிசையறான், புழு மாதிரி இருக்கு” என்று முகம் சுளித்தவர்களே பிறகு வாழைத்தண்டு சூப்பை இரண்டாம் முறை கேட்டு நின்றார்கள். நாக்கு சீக்கிரம் பழகிவிடுகிறது, ஐயா. வீடு கேட்டால்தான் பழக நாளாகிறது.

ஒடிசாக்காரர்கள் நம் வேலையைப் பறிக்கிறார்கள் என்று எங்கள் தெருவிலும் பேசுகிறார்கள். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில், பெரும்பாலும் தெலுங்கரான இந்தியக் கூலிகள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிகள் பர்மியரை வேலைக்கு எடுத்தார்கள். நிறுத்தம் முடிந்ததும் அவர்களை வெளியே தள்ளிப் பழையவர்களை அழைத்தார்கள். கலவரம் வெடித்துப் பல இந்தியக் கூலிகள் கொல்லப்பட்டார்கள். இரு தரப்பையும் மாற்றி மாற்றி ஆட்டியவர்கள்மேல் அந்தக் கோபம் திரும்பவில்லை.

பதில்: பெரம்பூர் லோகோ

நான் ஆங்கிலோ இந்தியன். மக்களவையில் எங்களுக்கிருந்த இரண்டு நியமன இடங்கள் 104ஆவது திருத்தத்தால் 2020 சனவரியோடு முடிந்தன. பெரம்பூரில் அதைப் பற்றி அழுதவர்கள் அதிகமில்லை. வீடு எங்களுக்குச் சுலபமாகவே கிடைக்கிறது, ‘ரயில்வே குடும்பம், டீசன்ட்’ என்று. அதே மூச்சில் “நீங்க டெய்லி குடிப்பீங்களா?” என்றும் கேட்பார்கள். எங்கள் வீட்டில் குடிக்கிற ஒரே ஆள் என் தமிழ் மருமகன்.

மீண்டும் வியாசை மகள்

அனைவருக்கும் நன்றி. கொளத்தூர் ஐயாவின் பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “சரியாத்தானே சொல்றார்” என்றார். பிறகு ஆதார் அட்டைக் கதையை, இதுவரை அவரிடம் மறைத்திருந்ததை, முழுதாகச் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பசங்க நம்பர் இருக்கா?” என்றார்.

நேற்று மாலை மூவரும் வந்தார்கள். தண்ணீர் லாரி வரும் நாளில் குடம் பிடிக்க யார் இருப்பீர்கள் என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. முறை போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். வீடு தருவதாகச் சொல்லிவிட்டார். ஆனால், முன்பு குடியிருந்தவர்களிடம் வாங்கியதைவிட ஐயாயிரம் ரூபாய் கூடுதலாக அட்வான்ஸ் கேட்டிருக்கிறார். அவர்களும் மறுபேச்சின்றித் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் பற்றி அம்மாவிடம் பேச வேண்டும்.