4.1 டிப் போட்டால் லீற்றருக்கு 12 ஓடுமா? எல்.என்.106 வைத்திருக்கிறவர்கள் பேச வாங்க

சீனன்குடா_3எல்:
நேற்று பாலையூற்றுத் தம்பி இங்கே எழுதினதைப் பார்த்தேன். டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என்.106, 3எல் டீசல் எஞ்சின், 205 ஆர்16 ரயர். 4.556 டிப்பைக் கழற்றி 4.1 போட்டாராம், லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடின வண்டி இப்ப 12 ஓடுதாம். (டிப் என்றது ஷாஃப்ட்டின் சுற்றைக் குறைச்சுச் சக்கரத்துக்குக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி. 4.1 என்றால் சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.1 சுற்றும்.) ஆக்களும் உடனே "சாமான் எங்க எடுக்கலாம்" என்று கேட்கத் தொடங்கிட்டாங்க. சனம் கடன்பட்டு டிப் வாங்க முதல் கணக்கைப் பாருங்க.

அந்த ரயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.24 மீற்றர் போகும். ஐந்தாம் கியர் 0.85, அதாவது ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு எஞ்சின் 0.85 சுற்று. மணிக்கு 80 கிலோமீற்றரில் போனால் எஞ்சின் நிமிசத்துக்கு 4.556க்கு 2,300 சுற்று, 4.1க்கு 2,070. குறையிறது 10 வீதம். அதற்காக டீசல் 10 வீதம் குறையாது. குறையிறது எஞ்சின் தனக்குள்ள உராய்ஞ்சு தின்னுற பங்கு மட்டும்தான். காற்றுத் தடையும் ரயர் உருளுற தடையும் அப்படியே இருக்கும். 9இல் இருந்து 12 என்றால் 33 வீதம். தம்பி, அந்த 12 எந்த மீற்றரில் பார்த்தது?

பாலையூற்று_டபுள்கப்:
வண்டி மீற்றரில்தான். வேற எதில பார்க்கிறது? டாங்க் நிரப்பி, ஓடி, திரும்ப நிரப்பிப் பார்த்தது. பொறாமையில எழுதாதீங்க அண்ண.

தம்பலகாமம்_போர்வீல்:
அதுதான் பிழை. டிப் மாற்றினால் மீற்றர் கூடக் காட்டும். வண்டி ஒரே சுற்றுக்குக் கூடத் தூரம் போகுது, மீற்றரும் கூட ஓடுது. 12 என்று காட்டினால் உண்மையில 10.8தான். விசயம் முடிஞ்சுது.

சீனன்குடா_3எல்:
முடியல்ல, தலைகீழாச் சொல்றீங்க. இந்த வண்டியில ஸ்பீடோ கேபிள் சக்கரத்தில இருந்து வரல்ல, ட்ரான்ஸ்பர் கேஸின் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி) பின்பக்கத்தில இருந்து வருது. அது எண்ணுறது பின் ஷாஃப்ட்டின் சுற்றை. முந்தி சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.556 சுற்றும், இப்ப 4.1தான். ஷாஃப்ட் குறையச் சுற்றினால் மீற்றர் குறையத்தான் காட்டும். 100 கிலோமீற்றர் ஓடினால் 90 காட்டும்.

அப்ப மீற்றரில 12 என்றால் உண்மையில 13.3. டிப்பால மட்டும் 9இல் இருந்து 13.3க்குப் போகவே முடியாது. ஒன்று, முந்தின 9 நோய்ப்பட்ட வண்டியின் 9: பின் டிரம் பிரேக் பிடிச்சபடி இருந்திருக்கும், இன்ஜெக்டர் ஒழுகியிருக்கும், முன் சக்கர ஹப் போர்வீலுக்குப் பூட்டினபடி லொக்கிலயே கிடந்திருக்கும். இல்லாட்டி டாங்க் நிரப்பினதில பிழை.

தம்பலகாமம்_போர்வீல்:
பெரிய ரயர் போட்டால்தான் மீற்றர் குறையக் காட்டும். டிப் வேற, ரயர் வேற. டிப் மாற்றினால் கூடத்தான் காட்டும்.

சீனன்குடா_3எல்:
ரெண்டும் ஒன்றுதான். ஒரு கிலோமீற்றருக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று மட்டும் பாருங்க. பெரிய ரயரிலும் குறையும், 4.1இலும் குறையும்.

கிண்ணியா_கியர்:
மீற்றரை விடுங்க நானாமாரே. முன் டிப்பையும் மாற்றினாரா? பின்னுக்கு 4.1, முன்னுக்கு 4.556 என்றால் கெட்டித் தரையில போர்வீல் (நாலு சக்கர இழுவை) போட்ட உடனே ட்ரான்ஸ்பர் கேஸும் ஷாஃப்ட்டும் முறுகும். லீவர் இறுகிப்போய் திரும்ப வெளிய வராது. முன்பக்கம்தான் பெரிய வேலை: நக்கிள் (சக்கரம் திரும்புற மூட்டு) கழற்ற வேணும், சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் இழுக்க வேணும், சீல் புதுசாப் போட வேணும். அந்தக் கூலியையும் கணக்கில சேருங்க.

பாலையூற்று_டபுள்கப்:
நான் போர்வீல் போடுறதே இல்ல.

கிண்ணியா_கியர்:
அப்ப விற்கிற நேரம் வாங்குறவனுக்கு இதைச் சொல்லுவீங்களா?

உப்புவெளி_பாஸ்:
இங்க எழுதுற முக்காவாசிப் பேர் ஸ்பனர் பிடிக்காதவர்கள். டிப்புக்குள்ள இருக்கிற பெரிய பல்சக்கரம் கிறவுனும் சின்னது பினியனும் சோடியாத்தான் வரும், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பல்லிடைவெளி 0.13 முதல் 0.18 மில்லிமீற்றர், டயல் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேணும். பல்லில நிறம் பூசிச் சுற்றினால் தடம் நடுவில விழ வேணும். பினியனுக்குள்ள நசுங்குற வளையம் கட்டாயம் புதுசு. பழசைத் திரும்பப் போட்டால் பெயரிங் இறுக்கம் சரியா வராது, கொஞ்ச நாளில ஊளையிடத் தொடங்கும்.

கிண்ணியா_கியர்:
பாஸ், அது கடையில கிறவுன் பினியன் வாங்குறவனுக்கு. இந்த டிப் முன்பக்கமா முழுசாக் கழன்று வரும். 4.1 இருக்கிற இன்னொரு டிப்பை அப்படியே எடுத்து ஏற்றினால் உள்ளுக்குக் கையே வைக்கத் தேவையில்ல. சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் முனையில பல்வரி 30 என்று மட்டும் பாருங்க.

உப்புவெளி_பாஸ்:
எத்தனையோ வருசம் ஓடின டிப்பைத் திறந்து பார்க்காமல் ஏற்றுறதுக்குப் பேர் வேலையா? போன முறை இன்ஜெக்டர் கதையிலயும் நீங்க இப்படித்தான், "கழுவினாப் போதும்" என்றீங்க.

கிண்ணியா_கியர்:
கழுவினாப் போதும் என்று நான் சொல்லல்ல. பிரெஷர் பார்த்துப்போட்டுத்தான் நொசில் மாற்ற வேணும் என்று சொன்னேன். திரும்பப் போய் வாசிங்க.

சீனன்குடா_3எல்:
சண்டையை அங்கால வைங்க. டிப் வாங்கப் போறவர்கள் தட்டில எழுதியிருக்கிறதை நம்பாமல் பல்லை எண்ணுங்க. கிறவுனில 41 பல்லுக்குப் பினியனில 9 என்றால் 4.556. 41க்கு 10 என்றால் 4.1. 43க்கு 10 என்றால் 4.3. வண்டியில பூட்டியிருந்தால் கியரை நியூட்ரலில விட்டு, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜக்கில தூக்கி, அதை 20 தரம் சுற்றுங்க, மற்றது தரையில நிற்கிறதால அது ரெண்டு சக்கரமும் 10 தரம் சுற்றினதுக்குச் சமன். ஷாஃப்ட் 41 சுற்றினால் 4.1, நாற்பத்தைந்தரைக்குக் கொஞ்சம் கூட வந்தால் 4.556.

இனி முக்கியமான இடம். திருகோணமலை கொட்பேத் துறைமுகத்தில ஐசும் மீனும் ஏற்றி ஹபறணைப் பக்கம் போறவனுக்கு 4.1 நட்டம். பாரத்தோட 60இல் ஐந்தாம் கியர் 1,555 சுற்றுதான் வரும். 3எல்லின் உச்ச இழுவை 2,400 சுற்றில. 1,555இல் மிதிச்சால் கறுப்புப் புகைதான் வரும். உடனே நாலாம் கியருக்கு இறக்குவீங்க: 1,830. பழைய 4.556இல் ஐந்தாம் கியரில் அதே 60க்கு 1,730தான். சுற்றைக் குறைக்கக் காசு செலவழிச்சு, முந்தினதை விடக் கூடின சுற்றில ஓடுறீங்க. வெறும் வண்டியில 80இல் நீண்ட தூரம் ஓடுறவனுக்குத்தான் இதில பிரயோசனம். அவனுக்கும் மீற்றர் 72 காட்டும். 80 காட்டும்வரை மிதிச்சால் உண்மை வேகம் 89. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில ஏறும், மிச்சம் பிடிச்ச டீசல் அங்கயே போய்விடும்.

பாலையூற்று_டபுள்கப்:
அண்ண எழுதுறது கடதாசிக் கணக்கு. என்ர வண்டி 12 ஓடுது.

சீனன்குடா_3எல்:
அப்ப கல்லை வைத்து அளங்க. ஏ6 வீதியில கந்தளாய்ப் பக்கம் போகேக்க கிலோமீற்றர் கல் பார்த்து 20 கடங்க. மீற்றர் 18 காட்டும். அளக்கிறது போகவும் வரவும் ரெண்டு பக்கமும் இருக்க வேணும், கச்சான் காற்று நேரம் ஒரு பக்கக் கணக்குப் பிழைக்கும். டீசல் ஒரே பம்பில, ஒரே பக்கம் சரிச்சு நிறுத்தி, கழுத்துவரை நுரை அடங்க விட்டு நிரப்புங்க. அதுக்கு முதல் வால்வு இடைவெளி பாருங்க: குளிர்ந்த எஞ்சினில உள்வால்வு 0.20 முதல் 0.30, வெளிவால்வு 0.40 முதல் 0.50. டிப்பில தேடுற மிச்சம் பலருக்கு அங்கயே கிடைக்கும்.

தம்பலகாமம்_போர்வீல்:
20 கல்லுக்கு 22 காட்டும். எழுதி வைங்க.

சீனன்குடா_3எல்:
4.1ஐ 4.556ஆல வகுங்க. 0.9. இதில வாக்குவாதத்துக்கு என்ன இருக்கு?

தம்பலகாமம்_போர்வீல்:
4.556ஐ 4.1ஆல வகுங்க. 1.11. உங்கட கணக்கு உங்களுக்கு, என்ர கணக்கு எனக்கு.

உப்புவெளி_பாஸ்:
கிண்ணியா, பழைய டிப்பைத் திறக்காமல் ஏற்றலாம் என்று நீங்க எழுதினதுக்கு இன்னும் பதில் வரல்ல.

கிண்ணியா_கியர்:
பின் மூடியைத் திறக்கத் தேவையில்ல, எண்ணெய் வடிக்கிற ஆணியில ஒட்டின தூளைப் பாருங்க. மாத்தூள் என்றால் ஏற்றலாம், சில்லு சில்லா இரும்பு என்றால் விட வேணும். இது பாஸுக்குத் தெரியாதா?

உப்புவெளி_பாஸ்:
இந்த டிப்புக்குப் பின் மூடி திறக்கிற மாதிரி இல்லவே இல்ல. முதல்ல வண்டிக்குக் கீழ படுத்துப் பாருங்க.