கேமில் பார்த்ததை நம்பி, காலில் ஒட்டிய அட்டைக்கு லைட்டர் வைத்தேன்: இந்த வித்தைகளில் எது உண்மை, எது ரீல்?

ராத்திரி ஷிஃப்ட்:

கிரீன் ஹெல் கேம் ஆடுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? போலந்துக்காரர்கள் 2019-இல் வெளியிட்டது. அமேசான் காட்டில் தனியாக மாட்டிக்கொண்டு, கிடைத்ததைத் தின்று, காயத்துக்கு இலை கட்டிப் பிழைக்க வேண்டும். கையையும் காலையும் திருப்பிப் பார்த்து, ஒட்டியிருக்கும் அட்டைகளைப் பிடுங்குவதே அதில் பாதி வேலை.

இந்த ஜூலையில், போன வாரம்தான், நண்பர்கள் நாலு பேர் வால்பாறை போயிருந்தோம். நல்ல மழை. ஒரு சோலைக்குள் அரை மணி நேரம் நடந்திருப்போம், ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் எல்லாம் ரத்தம். கணுக்காலுக்கு மேலே மூன்று அட்டை, அதில் ஒன்று கறுப்புத் திராட்சை மாதிரி உப்பியிருந்தது. மெட்டல் கியர் சாலிட் 3 கேமில் சுருட்டு நெருப்பை வைத்து அட்டையைக் கழற்றுவார்கள். என்னிடம் சுருட்டு இல்லை, லைட்டர் இருந்தது. வைத்தேன். அட்டை சுருண்டு விழுந்தது. கூடவே கால் முடி கருகி, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம். அதுகூடப் பரவாயில்லை, ரத்தம் நிற்கவே இல்லை. மதியம் இரண்டு மணிக்குக் கடித்தது, ராத்திரி புரோட்டா சாப்பிட உட்காரும்போதும் கசிந்துகொண்டிருந்தது. கேமில் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

அதனால்தான் கேட்கிறேன். கட்டையைக் கடைந்து தீ மூட்டுவது, புழு விட்டுக் காயத்தைச் சுத்தம் செய்வது, பாம்புக் கடிக்குப் புகையிலைக் கட்டு, இந்த மூன்றும் நிஜத்தில் நடக்குமா? புகையிலைக் கட்டு கட்டாயம் வேலை செய்யும் என்று நண்பன் ஒருத்தன் சத்தியம் செய்கிறான். அடுத்த மாதம் அவனோடுதான் மறுபடி மலை ஏறப்போகிறேன்.

கொழுந்துக்கூடை:

தம்பி, நான் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அம்மா முப்பது வருஷம் கொழுந்து பறித்தார். அட்டைக்கு லைட்டர் வைத்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

சுட்டால் விழும், உப்பு வைத்தாலும் விழும், நாங்களும் சின்ன வயதில் உப்புதான் வைத்தோம். ஆனால் விழுவதற்கு முன்னால், வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். அதனால்தான் சில பேருக்குப் புண் சீழ் வைக்கிறது. அட்டை இரண்டு முனையிலும் ஒட்டும். ஒல்லியாக இருக்கும் முனைதான் வாய். அதன் பக்கத்தில் தோலோடு ஒட்டி நகத்தை வைத்துத் தள்ளினால் பிடி விட்டுவிடும். உடனே அடுத்த முனையையும் தள்ளிச் சுண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் விரலில் ஏறிக்கொள்ளும். ரத்தம் நிற்காததற்குப் பயப்பட வேண்டாம். அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கிறது. சோப்பு போட்டுக் கழுவி, துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். மணிக்கணக்கில் கசிந்துவிட்டுத் தானாக நிற்கும்.

அம்மா காலையில் புகையிலை ஊறிய தண்ணீரைக் காலில் தேய்த்துக்கொண்டுதான் காட்டுக்குப் போவார். புகையிலைக்கு அட்டை பயப்படும். பாம்பு விஷமும் பயப்படும் என்று யார் சொன்னது?

தாலுகா ஆஸ்பத்திரி சிஸ்டர்:

அந்த நண்பரை இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

புகையிலை, மஞ்சள், இலை என்று எதையாவது வைத்துக் கட்டிக்கொண்டு வருபவர்களை நான் நைட் டூட்டியில் பார்க்கிறேன். கட்டு இருப்பதைவிட, அதைக் கட்டுவதற்குப் போன நேரம்தான் வயிற்றெரிச்சல். கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையும் தன்மை போய்விடும். அதைப் பார்க்க ஒரு சோதனை செய்வோம். இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆட்டாமல் 20 நிமிடம் வைப்போம். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்ப்போம். கட்டியாக உறைந்திருந்தால் அசையாது. விஷம் ஏறியிருந்தால் தண்ணீர் மாதிரி ஓடும். அந்த 20 நிமிடமும் கூட வந்தவர்கள் யாரும் உட்காரவே மாட்டார்கள், குழாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கட்டு விரியன் இன்னும் மோசம். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல நேரம் வலியே இருக்காது. விடியும்போது கண் இமை தூக்க முடியாமல் தொங்கும், அப்புறம் மூச்சு. எந்த இலையும் இதை நிறுத்தாது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்து, நரம்பில் ஏற்ற வேண்டும். தொடக்கத்திலேயே எட்டு, பத்து குப்பி போகும். குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து அது. அந்த விஷத்தைப் பாம்புகளிடமிருந்து எடுப்பதற்காக 1978-இல் தொடங்கிய, பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடித்தால் மோதிரம், கொலுசு, வாட்ச் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல் ஒரு கட்டையோடு சேர்த்து வையுங்கள். கயிறு போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

புழு உண்மைதான். அமெரிக்காவில் 2004-இல் முறைப்படி அனுமதியே கொடுத்தார்கள். ஆனால் அது ஆய்வகத்தில் கிருமியில்லாமல் வளர்த்த பச்சை ஈப் புழு. அது செத்த சதையைத்தான் தின்னும். காட்டில் கிடைக்கும் புழு உயிருள்ள சதையையும் துளைக்கலாம். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணில் அப்படி வந்ததைச் சுத்தம் செய்திருக்கிறேன், அதைச் சாப்பாட்டு நேரத்தில் எழுத வேண்டாம்.

மொட்டைமாடி ஆதிவாசி:

தீயைப் பற்றி நான் சொல்கிறேன், மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தவன்.

கேமில் பட்டனைப் பிடித்தால் சில நொடியில் புகை, தீ. நான் காய்ந்த எருக்கந்தண்டை ஒரு கட்டைமேல் நிறுத்தி உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினேன். முதல் ஞாயிறு கொப்புளம். இரண்டாவது ஞாயிறு புகை வந்தது, உதிர்ந்த தூள் பழுப்பாகவே இருந்தது. அது கறுப்பாக வர வேண்டும். மூன்றாவது ஞாயிறு கறுப்புத் தூள் குவிந்து, கையை எடுத்த பிறகும் புகைந்தது. தேங்காய் நாரில் வைத்துப் பொத்தி ஊதினேன், பிடித்துக்கொண்டது. கீழ் வீட்டு மாமி மேலே வந்துவிட்டார்.

இத்தனையும் மே மாத மதுரையில். ஜூலை வால்பாறையில் வாய்ப்பே இல்லை ப்ரோ. யாகசாலையில் அரணிக் கட்டை கடைவதைக் கவனித்துப் பாருங்கள், கயிறு சுற்றி ஆள் மாற்றி ஆள் இழுத்துத்தான் தீ எடுப்பார்கள்.

தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் கொதிக்க வைப்பது மட்டும் நிஜம். விளிம்பு கருகும், தண்ணீர் இருக்கும்வரை அடி எரியாது. கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் குடிக்கலாம்.

ராத்திரி ஷிஃப்ட்:

அக்கா, சிஸ்டர், ப்ரோ, மூவருக்கும் நன்றி. நண்பனுக்கு லிங்க் அனுப்பினேன். அரை மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் "வால்பாறையில் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது" என்று கேட்டான். வாங்கி வைத்த புகையிலையை சாக்ஸுக்கு ஊறவைக்கப் போகிறேன்.

சிஸ்டர், கொப்புளம் நேற்று உடைந்துவிட்டது. டூத்பேஸ்ட் போடலாமா?

தாலுகா ஆஸ்பத்திரி சிஸ்டர்:

கூடாது! அதுவும் கேமில் வந்ததா? சோப்பு, தண்ணீர், சுத்தமான துணி. சிவந்து வீங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். டிடி (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டீர்கள் என்று யோசித்து வையுங்கள், முதல் கேள்வி அதுதான்.