ரிஞ்சானி ஏற்றம்: முட்டிவலியோடு போகலாமா?

கேள்வி: ஆகஸ்டில் இந்தோனேசியாவின் லொம்போக் தீவுக்குப் போகிறேன். அங்குள்ள ரிஞ்சானி எரிமலையில் (3,726 மீட்டர்) செம்பாலுன் கிராமம் வழியாக ஏற ஆசை. வலது முட்டி கொஞ்சம் தகராறு. உச்சிக்குப் போகலாமா?

பதில்: எனக்கும் அதே முட்டிதான். எரிமலை வாயின் விளிம்பில் உள்ள முகாம் சுமார் 2,640 மீட்டர். அதுவரை மெதுவாகப் போய்விடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவார்கள். கடைசி ஏற்றம் முழுக்க எரிமலைச் சரளை. இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். முன்னால் போனவர் மிதித்த குழியிலேயே கால் வைத்தேன். மேலே போய் ஷூவைக் கவிழ்த்தால் ஒரு பிடி பொடிக்கல்! கணுக்காலை மூடும் கெய்ட்டர், ஊன்ற இரண்டு கோல், இரண்டும் கட்டாயம்.

கேட்டவர்: இறங்கும்போது?

பதில்: சரளையில் குதிகாலை ஊன்றிச் சறுக்கியே வரலாம், சுகம்தான். ஆனால் அப்புறம் எரிமலை வாய்க்குள் இருக்கும் செகாரா அனாக் ஏரிக்கு இறங்கும் பாறை வழி இருக்கிறதே, அங்கேதான் முட்டி அழுதது. உச்சியா ஏரியா, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர்: உச்சிக்குப் போகும் வரப்பு குறுகல், காற்றும் பலம். விடியும்வரை ஓரத்துக்குப் போகாதீர்கள். கையுறை மறக்க வேண்டாம். எனக்கு விரல் மரத்து டார்ச்சையே அணைக்க முடியவில்லை.