கிரகணத்தன்று உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

மடிப்பாக்கம் வாசி:

பூமி, நிலா, சூரியன் மூன்றும் ஒரே கோட்டில் வருவது எல்லோருக்கும் தெரியும். அந்த விளக்கத்தை மறுபடி யாரும் எழுத வேண்டாம். கிரகண நாளில் நேரில் பார்த்தது, கேட்டது, வீட்டில் நடந்த சண்டை, இதையெல்லாம் எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

2019 டிசம்பர் 26 காலை, சூரிய கிரகணம். கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கமெல்லாம் நெருப்பு வளையம், அதாவது நிலா நடுவை மறைக்க ஓரம் மட்டும் வளையமாக எரியும் சூரியன். சென்னைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, ஆனாலும் முக்கால் பங்குக்கு மேல் சூரியன் மறைந்தது. எட்டு மணிக்குப் பிறகு பிடிக்கிறது என்பதால் அம்மா ஏழு மணிக்கே இட்லிக் கடையை முடித்து அடுப்பைக் கழுவிவிட்டார். மாவு, தயிர், ஊறுகாய், தண்ணீர் கேன் எல்லாவற்றிலும் தர்ப்பை. ஃப்ரிட்ஜைத் திறந்தால் வயல் வரப்பு மாதிரி இருந்தது.

கிரகணக் கண்ணாடி எங்கும் கிடைக்கவில்லை. அதனால் சமையலறையிலிருந்து பூந்திக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். வெயிலில் பிடித்தால், கரண்டியின் நிழலுக்குள் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பிறைச் சூரியன் தரையில் விழுகிறது. அத்தனையும் ஒரே பக்கம் பார்த்த குட்டிக் குட்டிப் பிறைகள். கரண்டியைத் தேடி அம்மா மேலே வந்தார். "கிரகண நேரத்துல அதை ஏண்டா வெளியில எடுத்தே?" என்று ஆரம்பித்தவர் தரையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். கையிலிருந்து வாங்கி அவரே மேலும் கீழும் ஆட்டினார். உயர்த்தினால் பிறை பெரிதாகி மங்குகிறது, தாழ்த்தினால் சின்னதாகித் தெளிகிறது. அடுத்து, பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டார். வானத்தை மட்டும் இருவரும் கடைசிவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாம் முடிந்ததும் கரண்டிக்குப் புளி போட்டு ஒரு குளியல்.

வில்லிவாக்கம் மருமகள்:

எங்கள் தெருவில் உலக்கை. பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் விட்டு நடுவில் உலக்கையை வைத்தார்கள், நின்றது. கிரகணம் இருக்கும்வரைதான் நிற்குமாம், விட்டதும் தானே சாய்ந்துவிடுமாம். தெருவே கூடிவிட்டது, ஒருவர் கற்பூரம்கூடக் காட்டினார்.

என் வீட்டுக்காரருக்கு இந்த மாதிரி விஷயத்தில் வாய் சும்மா இருக்காது. அடுத்த வாரம் சாதாரண செவ்வாய்க்கிழமை, அதே தாம்பாளம், அதே உலக்கை. அடியில் பூண் தட்டையாக இருக்கிறது, பொறுமையாகக் கையை எடுத்தால் என்றைக்கும் நிற்கும். நின்றது. என் மாமியார் நிதானமாகப் பார்த்துவிட்டு, "அந்த சக்தி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு போல" என்று சொல்லிவிட்டு முறுக்கு மாவு பிசையப் போய்விட்டார். இதற்கு என்ன பதில் சொல்வது?

ராயபுரம் செவிலி:

நான் பிரசவ வார்டில் வேலை பார்ப்பவள். 2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு முழு சந்திர கிரகணம். பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு இருபது வரை நிலா முழுக்கச் சிவப்பு. அன்றைக்கு மதியத்திலிருந்தே எங்களுக்கு ஒரே கேள்விதான்: "சிஸ்டர், பத்து மணிக்கு முன்னாடி முடிச்சிரலாமா, இல்ல விடிஞ்சதும் வெச்சுக்கலாமா?" சிசேரியனுக்காவது நேரம் பேசலாம், சுகப்பிரசவத்துக்கு யாரிடம் போய்ப் பேசுவது? குழந்தைகள் அவர்கள் பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு பெண், எட்டாவது மாதம், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மேலுதடு கூடி வருவது கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதத்துக்குள். பல பேருக்கு அப்போது நாள் தள்ளிப்போனதுகூட சரியாகத் தெரிந்திருக்காது. வளைகாப்பு முடிந்த வயிற்றில் உதடு எப்போதோ கூடியிருக்கும். இதைச் சொன்னேன். "அப்படியா சிஸ்டர்!" என்று ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டாள். போர்வையை மட்டும் இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். விட்டுவிட்டேன். ஆனால் வீட்டில் சொன்னார்கள் என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தவளை மட்டும் விடவில்லை. சர்க்கரை இருக்கிற கர்ப்பிணி, பட்டினி கிடக்க முடியுமா? அங்கே கொஞ்சம் சத்தம் போட்டுத்தான் குடிக்க வைத்தேன்.

காசிமேடு:

மடிப்பாக்கம் அண்ணன் சொன்ன அதே 2019 டிசம்பர் 26. எங்களுக்கு அது சுனாமி நினைவு நாள், பதினைந்தாவது வருஷம். காலையில் கடலில் பாலும் பூவும் விட எல்லோரும் கரையில் நிற்கிறோம். அதே நேரத்தில் கிரகணம் என்றால் கேட்க வேண்டுமா? போன் முழுக்க "மறுபடியும் வரப்போகுது" என்று செய்தி. சில பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார்கள்.

எங்கள் பெரியப்பா பள்ளிக்கூடம் பார்க்காதவர். "2004-ல அன்னிக்குப் பௌர்ணமி, இன்னிக்கு அமாவாசை. ரெண்டும் எப்பிடிடா ஒண்ணாவும்?" என்றார். அவ்வளவுதான். கடலில் பிழைக்கிறவனுக்கு நிலாக் கணக்கு விரல் நுனியில். சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும், சுனாமி வந்ததோ பௌர்ணமி நாளில், அதுவும் சுமத்ரா பக்கம் கடலடியில் பூமி அதிர்ந்து. போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.

நுங்கம்பாக்கம் பழசு:

பஞ்சாங்கம் ஒரு பக்கம், விஞ்ஞானம் ஒரு பக்கம் என்று பேசுகிறவர்களுக்கு எங்கள் பேட்டை ஆள் ஒருவரைச் சொல்ல வேண்டும். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டிய வானாய்வகத்தில் முதல்நிலை உதவியாளராக இருந்தவர். இப்போது அதே வளாகத்திலிருந்துதான் நமக்கு மழை அறிவிப்பு வருகிறது. 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். மறு வருஷம் ஆகஸ்ட் 18-ல் முழு சூரிய கிரகணம். அவருடைய மேலதிகாரி போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார், பிரான்சிலிருந்து வந்த ழான்சன் குண்டூரில் கருவிகளை நிறுத்தினார், ரகுநாதாச்சாரி வனபர்த்திக்குப் போனார். அந்தக் கிரகணத்தில் சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்த்தபோது ஒரு மஞ்சள் கோடு தென்பட்டது, அதற்குக் காரணமான தனிமம்தான் பிறகு ஹீலியம் என்று பெயர் பெற்றது. 1871 கிரகணத்துக்கு அவர் போனது நம் அவிநாசிக்கு.

எனக்குப் பிடித்தது இனிமேல் வருவது. இதே மனிதர்தான் திருக்கணிதப் பஞ்சாங்கமும் கணித்தார். பழைய வாக்கியக் கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை, கண்ணால் பார்ப்பதற்குத் தகுந்தபடி திருத்துங்கள் என்று பண்டிதர்களிடம் மல்லுக்கு நின்றார். 1874-ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, சாதாரண ஜனங்களுக்குப் புரியட்டும் என்று உரையாடல் வடிவில் ஒரு சிறு நூலே போட்டார். நாமம் போட்டுக்கொண்டே தொலைநோக்கியில் பார்த்தவர். அவருக்கு இதில் ஒரு முரணும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. இன்று எங்கள் தெருக் கோயில் குருக்கள் கிரகணத்துக்கு நடை சாத்துகிற நேரத்தை போனில் நிமிஷக் கணக்காகப் பார்த்துத்தான் பலகையில் எழுதுகிறார். அது ஆச்சாரியார் கேட்டதுதானே!

சூளை:

கிரகண நேரத்தில் பெரியார் திடலில் திராவிடர் கழகத்தார் கூடிச் சிற்றுண்டி சாப்பிடுவார்கள், தெரிந்திருக்கும். பார்க்கலாமே என்று ஒருமுறை போனேன். எல்லோரும் சாப்பிட்டார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது நல்ல காரியம்தான், பயப்படுகிறவன் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று: சூரியனைப் பார்க்க அங்கே ஆர்வமாக இருந்தவர்களைவிட அதைப் பற்றிப் பேசியவர்கள்தான் அதிகம் என்று எனக்குப் பட்டது. சண்டைக்கு வராதீர்கள்.

மடிப்பாக்கம் வாசி:

சண்டை வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும். பழைய எக்ஸ்ரே தகட்டில் சூரியனைப் பார்க்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது, விட்டுவிடுங்கள். விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்த பிறகுதான், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியாக, பார்வையில் தெரியும். பூந்திக்கரண்டியே போதும்.

தமிழ்நாட்டில் அடுத்த நெருப்பு வளையம் 2031 மே 21. மதுரைப் பக்கம் வளையமாகவே தெரியும், அக்னி நட்சத்திர வெயில் வேறு. அம்மா இப்போதே "நானும் வருவேன், ஆனா முடியற வரைக்கும் சாப்பிட மாட்டேன்" என்று நிபந்தனை போட்டிருக்கிறார். மதுரையில் மொட்டை மாடியோடு சொந்தக்காரர் வீடு யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள்.