ஜீப்பில ஏபிஎஸ் லைட் அணையுதில்ல, நாலு சென்சரையும் மாத்தணுமா?

படுவான்கரை ஜீப்:
அண்ணன்மார், கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் றோட்டில சேத்துக்க ஓடி வந்ததில இருந்து ஏபிஎஸ் (பிரேக் அடிக்கக்க சில்லு இறுகாமப் பாக்கிறது), ட்ரக்ஷன் (சில்லு வழுக்கிச் சுத்தாமப் பாக்கிறது) ரெண்டு லைட்டும் எரியுது, மெதுவா நிப்பாட்டக்க பிரேக் பெடல் கடகடண்டு அதிருது, கராஜில சில்லு வேகம் பாக்கிற நாலு சென்சரையும் மாத்தச் சொல்றாங்க, தேவைதானா?

சில்லுக்காரன்:
நாலும் ஒரேயடியா போகாது மச்சான். கோளாறு பாக்கிற ஸ்கேனரப் போட்டு 20 கிலோமீட்டர் வேகத்தில நேரா ஓடிப் பாரு, நாலு சில்லு வேகமும் ஒண்டா வரணும், எது திடீரெண்டு சைபருக்கு விழுதோ அதுதான் ஆள். மறுகா அந்தச் சில்லுக்குப் போற வயரையும் பாரு, ஸ்டியரிங் வெட்டக்க இழுபட்டு அங்கதான் கனக்க அறும்.

கல்லடியான்:
கழட்டக்க கவனம், கடல்காத்துக்கு சென்சர் துருப்பிடிச்சு ஹப்போட (சில்லு பூட்டுற நடுப்பகுதி) இறுகிக் கிடக்கும். டபிள்யூடி 40 (துரு இளக்கிற ஸ்ப்ரே) அடிச்சு ஒரு ராவு விடு, இழுக்காம முதல்ல அங்கயிங்க திருப்பு. ஓட்டைக்குள்ள துருவச் சுரண்டாம புதுசப் போட்டா உயர்ந்து நிக்கும், சில்லோட சுத்துற பல்லு வளையத்துக்கு இடைவெளி கூடித் திரும்பவும் அதே லைட்தான்.

படுவான்கரை ஜீப்:
முன் இடது சில்லுதான், வயர் உரசி செம்பு தெரியுது. சென்சர் ஒண்டு வயரோட எடுக்கிறன்.