புதுப்பிப்பு: மூக்கில் மருந்து அடித்தே தையல் போட்டாச்சு

நேற்று இரவு அவசரப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு கேட்டிருந்தேன்: 3 வயதுப் பையன், மோவாயில் வெட்டு, ஊசி இல்லாமல் மயக்க முடியுமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மிடசோலம் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தார்கள். ஊசி இல்லாத சிரிஞ்ச், முனையில் மெத்தென்ற சின்னக் கூம்பு. இரண்டு மூக்குத் துவாரத்திலும் பாதிப் பாதியாகப் பீய்ச்சினார்கள். ஒரே பக்கம் அதிகம் விட்டால் தொண்டைக்குள் இறங்கி வீணாகிவிடுமாம். எரியும் என்று ஒருவர் எச்சரித்தது சரிதான், ஒரு கத்து கத்தினான். 10 நிமிடத்துக்குள் கண் சொருகிவிட்டது. முழுத் தூக்கம் இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான். விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப் கடைசி வரை இருந்தது.

ஒன்று முக்கியம்: மிடசோலம் பதற்றத்தைத்தான் அடக்கும், வலியை இல்லை. அதனால் காயத்தில் மரத்துப்போகும் ஜெல்லை முன்பே தடவி வைத்திருந்தார்கள். அது இல்லாமல் ஆரம்பித்தால் ஏன் என்று கேளுங்கள்.

மூக்கில் அடிக்கும் இன்னொரு மயக்க மருந்தான டெக்ஸ்மெடிடோமிடின் பற்றிக் கேட்டவருக்கு: அது அவ்வளவாக எரியாது, ஆனால் வேலை செய்ய அரை மணி நேரம்கூட ஆகலாம் என்றார் டாக்டர்.

வீடு வரும்வரை கால் தள்ளாட்டம், காரணமில்லாத சிரிப்பு வேறு. 5 நாளில் தையல் பிரிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.