பழைய காரின் வயரிங்கை உருவிக் குறைப்பதா, அப்படியே விடுவதா?

செப்புக்கம்பி:
நானே கட்டிவரும் இரண்டு இருக்கைக் காருக்காக, 2006-ஆம் ஆண்டு பெட்ரோல் கார் ஒன்றின் எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாவற்றையும் கழற்றி வைத்திருக்கிறேன். என் காரில் கதவே கிடையாது. ஆனால் கதவுக்கண்ணாடி மோட்டார், சென்ட்ரல் லாக், ஏர்பேக், ஏ.சி., பின்கண்ணாடிச் சூடேற்றி என்று இல்லாத பொருள்களுக்கெல்லாம் வயர் இருக்கிறது. வேண்டாதவற்றை உருவி எறிந்துவிட்டு மீதியைக் கட்டப்போகிறேன். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

முறுக்குச்சாவி:
வேண்டாம் என்கிறேன். அந்த வயரிங் ஓடிக்கொண்டிருந்த காரிலிருந்து வந்தது. அதில் கோளாறு இல்லை என்பது ஏற்கெனவே நிரூபணமானது. அதை வெட்டத் தொடங்கும் நொடியிலேயே அந்த உத்தரவாதம் போய்விடுகிறது. மீட்டர் பலகையைத் தூக்கி எறிவீர்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பழைய வகையாக இருந்தால், அது விழித்துக்கொள்வதற்கான மின்சாரம் அந்தப் பலகையில் இருக்கும் சிவப்பு பேட்டரி விளக்கு வழியாகத்தான் வருகிறது. விளக்கு போனால் சார்ஜும் போகும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சின் ஓடாதபடி தடுக்கும் அமைப்பு) இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சாவியின் சிப்பைப் படிக்கும் வளையம், விளக்கு, லாக் போன்றவற்றை இயக்கும் பாடி கண்ட்ரோல் பெட்டி, எஞ்சினை இயக்கும் கணினியான இ.சி.யூ. மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் பல கார்களில் எஞ்சின் தொடர்ந்து ஓடும். சில கிலோ எடையைக் குறைக்க இவ்வளவு ஆபத்தா? உபயோகமில்லாத கனெக்டர்களைச் சுருட்டி டாஷ்போர்டுக்குப் பின்னால் கட்டிவிடுங்கள்.

செப்புக்கம்பி:
எடை என் முதல் கவலையே அல்ல. என் டாஷ்போர்டுக்குப் பின்னால் இரண்டு கை நுழையும் இடம்கூட இல்லை. அங்கே சுருட்டித் திணித்த கட்டில் நிரந்தரமாக மின்சாரம் ஓடும் ஒரு வயர், ஏதாவது ஒரு தகட்டு விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும். மழையில் நனையும் திறந்த கார் இது. ஐந்து ஆண்டுகள் கழித்து விளக்கு எரியாமல் போனால், எங்கும் போகாத வயர்களுக்கு நடுவே எரியவேண்டிய வயரை நான் எங்கே தேடுவேன்?

கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறேன் என்று நான் சொல்லவில்லை. முழு வயரிங்கையும் தரையில் விரித்து, எஞ்சினை முதலில் அப்படியே ஓடவிடுவேன். பிறகு ஒரு கனெக்டரைக் கழற்றுவேன், ஸ்டார்ட் செய்து பார்ப்பேன். கோளாறு இல்லையென்றால்தான் அடுத்தது. எல்லாம் தெளிவான பிறகே டேப்பைப் பிரிப்பேன்.

பன்னிரண்டுவோல்ட்:
டேப்பைப் பிரித்த பிறகு என்ன பார்ப்பீர்கள் என்று சொல்கிறேன். வயர்கள் நேராகப் போகாது. நடுவழியில் நான்கைந்து வயர்களை ஒன்றாக நசுக்கி இணைத்த முடிச்சு இருக்கும், மேலே டேப் மட்டும் சுற்றியிருக்கும். நீங்கள் ஏ.சி. வயர் என்று எண்ணிப் பிடித்து இழுப்பது, அந்த முடிச்சில் கூலன்ட் சென்சாரின் எர்த்தோடு சேர்ந்திருக்கலாம். ஆகவே முடிச்சுவரை பின்தொடர்ந்து, அந்த ஒரு கிளையை மட்டும் நறுக்கி, முனையை மூடுங்கள்.

கேன் பஸ் (கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தமக்குள் தகவல் பரிமாறும் இரட்டை வயர்) இருக்கும் காரில் இன்னொரு சோதனையும் உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரட்டை வயர்களுக்கிடையே மல்டிமீட்டரை வையுங்கள். இரு முனைகளிலும் 120 ஓம் தடை இருப்பதால் 60 ஓம் காட்ட வேண்டும். ஏதோ ஒரு பெட்டியைக் கழற்றியதும் 120 காட்டினால், முனைத்தடையைச் சேர்த்துக் கழற்றிவிட்டீர்கள் என்று பொருள்.

என் தீர்ப்பு இருவருக்கும் பிடிக்காது. எஞ்சின் பக்கத்து வயரிங்கைத் தொடாதீர்கள். எஞ்சினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சாரின் உறையிட்ட வயரை வீட்டில் திருத்திச் செய்வது வீண் வேலை. விளக்கு, ஹாரன், வைப்பர் பக்கத்தைப் புதிதாகவே போடுங்கள்.

முறுக்குச்சாவி:
எஞ்சின் பக்கத்தைத் தொடக்கூடாது என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் புதிதாகப் போடுகிறவர்கள் பெரும்பாலும் எர்த்தை மறந்துவிடுகிறார்கள். பழைய காரில் இரும்பு உடலே திரும்பும் வழியாக இருந்தது. ஃபைபர் கிளாஸ் உடலில் மின்சாரம் பாயாது. ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் வயரைச் சேஸிஸ்வரை இழுத்தாக வேண்டும். பவுடர் பூச்சுக்கு மேல் போல்ட்டை முறுக்கிவிட்டு "எர்த் கொடுத்துவிட்டேன்" என்று சொல்வது பயனில்லை. பூச்சைச் சுரண்டி இரும்பைத் தொட வேண்டும். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு தடித்த எர்த் பட்டை தனியாக வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி, கேபிளையே சூடாக்கிவிடும்.

பன்னிரண்டுவோல்ட்:
ஃபியூஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபியூஸ் காப்பது வயரை. பழைய பெட்டியில் 20 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது என்பதற்காக அதையே மெல்லிய புதிய வயருக்குப் போட்டால், ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்கு முன்பே வயர் எரிந்துவிடும்.

செப்புக்கம்பி:
சரி, எஞ்சின் பக்கத்தை ஃபயர்வால்வரை (எஞ்சின் அறையையும் இருக்கைப் பகுதியையும் பிரிக்கும் தகடு) அப்படியே விடுகிறேன். ஆனால் பாடி பக்கத்தைப் புதிதாகப் போட மாட்டேன், உருவத்தான் போகிறேன். பழைய வயரின் நிறங்கள் வரைபடத்தோடு பொருந்துகின்றன. புதிதாகப் போட்டால் அந்த வரைபடம் எனக்கு உதவாது. இணைப்புகளுக்குச் சால்டர் (ஈயப்பற்று) போதுமா?

முறுக்குச்சாவி:
போதாது. சால்டர் வயருக்குள் ஊறி ஏறி, அந்த இடத்தை விறைக்க வைக்கும். அதிர்வில் அதன் ஓரத்தில்தான் முறியும். வயர்களை நசுக்கி இணைக்கும் நல்ல ராட்செட் கிரிம்பிங் கருவியை வாங்குங்கள். மேலே, சூடாக்கினால் சுருங்கி ஒட்டும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். இன்னொன்று: ஏர்பேக் பெட்டியைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றி, சில நிமிடங்கள் காத்திருங்கள்.